குரலுக்கு எழுப்பிய மாளிகை

அரசர்களின் வாளையும் கேடயத்தையும் பொருட்காட்சிசாலையில் வைக்கலாம். பழைய நாணயங்களையும், மூக்கு உடைந்த சிலைகளையும், செல்லரித்த ஓலைச் சுவடிகளையும் வைக்கலாம். ஒரு குரலை எவ்விதம் வைப்பது? அது பிறந்த கணத்திலேயே காற்றோடு கலந்துவிடுகிறது. பாடியவர் மறைந்த பின்பு எஞ்சுவன அவர் உடுத்திய உடை, மீட்டிய தம்புரா, பெற்ற பட்டயங்கள், சில புகைப்படங்கள் ஆகியவையே. இவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டால் அந்தச் சாரீரத்தைக் காப்பாற்றியதாகுமா?

இக்கேள்விக்கு விடை காணும் முயற்சிகள் சில உலகத்தில் நடந்திருக்கின்றன. ஒன்று, நைல் நதியின் நடுவே கெய்ரோ நகரைச் சேர்ந்த ஒரு தீவில் இருக்கிறது. அரபு உலகம் முழுவதும் போற்றிய உம் குல்ஸூம் என்னும் பாடகிக்காக ஏற்பட்டது அது. மற்றொன்று நமக்கு மிக அருகில், பெங்களூரில் இருக்கிறது. பெங்களூரில் உள்ளதை நாம் மாணவர்களுடன் சென்று நேரிற் கண்டோம். கெய்ரோவில் உள்ளதை நூல்களின் வாயிலாக அறிந்தோம். இரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணியபோது நமக்குத் தோன்றியவற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எல்லைப்புறத்துப் பிள்ளைகள்

குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே பெங்களூர் நெடுஞ்சாலையின்மேல் உள்ள ஊர். ஒரு பக்கம் மாந்தோப்புகள்; மறுபக்கம் புதிது புதிதாக எழும்பிவரும் தொழிற்சாலைகள். லாரிகளின் இரைச்சல் இராப்பகல் ஓய்வதில்லை. இங்கே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். வீட்டிலோ சிலர் தெலுங்கும், சிலர் கன்னடமும், சிலர் உருதுவும் பேசுகிறார்கள். வேலை தேடி வந்த வடநாட்டாரின் பேச்சும் கடைவீதியில் கலந்துவிட்டது. ஒரே பெஞ்சில் நான்கு தாய்மொழிகள் உட்கார்ந்திருப்பது எங்கள் பக்கத்தில் அதிசயமன்று.

இப்பிள்ளைகள் பாட்டுக் கேளாதவர்கள் அல்லர். காலை முதல் இரவு வரையில் கைப்பேசியில் பாட்டு ஒலித்துக்கொண்டேயிருக்கிறது. ஆனால் ஒரு பாட்டு அரை நிமிஷம் ஒலிப்பதற்குள் விரல் அதைத் தள்ளிவிட்டு மற்றொன்றுக்குப் போய்விடுகிறது. ஒரு பாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரையில் அமர்ந்து கேட்ட அனுபவம் உண்டா என்று வகுப்பில் ஒருநாள் கேட்டோம். கை தூக்கியவர்கள் மூவர். அந்த மூவரும் தெருக்கூத்துப் பார்க்கும் வழக்கமுள்ள வீடுகளைச் சேர்ந்தவர்கள்.

ஆகவே பிள்ளைகளைப் பெங்களூருக்கு அழைத்துப் போகத் தீர்மானித்தோம். பெற்றோர்களிடம் சம்மதம் கேட்கச் சென்றபோது, தொழிற்சாலையில் வேலை செய்யும் தகப்பனார் ஒருவர், "பாட்டைப் பார்க்கவா பஸ் வைத்துக்கொண்டு போகிறீர்கள், ஸார்? இங்கேயே போனில் கேட்கலாமே!" என்றார். கேலியாகச் சொன்னாரோ, உண்மையாகவே கேட்டாரோ, கேள்வி நியாயமான கேள்வி. சூளகிரியும் ஓசூரும் அத்திப்பள்ளியும் கடந்து போகும் வழியெல்லாம் அது நம்முடனேயே வந்தது.

பெங்களூர்ச் சங்கீத மாளிகை

பெங்களூரின் தெற்கே ஜே. பி. நகரில், 'இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற பெயரில் 2019-ஆம் வருஷம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட சங்கீதப் பொருட்காட்சிசாலை அமைந்திருக்கிறது. உள்ளே ஒன்பது கூடங்கள். வெளியே 'நாதத் தோட்டம்' என்று சொல்லத்தக்க ஒரு முற்றம். தட்டினாலும் தடவினாலும் ஒலியெழுப்பும் சிற்பங்களை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பொருட்காட்சிசாலை என்றால் 'தொடாதே' என்ற பலகையையே கண்டு பழகிய பிள்ளைகள், தொட்டுப் பார்க்கச் சொல்லும் இடத்தைக் கண்டு முதலில் தயங்கினார்கள். பிறகு அவர்களை உள்ளே அழைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

இந்தியாவின் பல பாகங்களிலிருந்து தருவித்த வாத்தியங்களுக்கென்று ஒரு கூடம். கிராமியக் கலைகளுக்கும், சினிமாப் பாட்டுக்கும், விடுதலைப் போராட்டத்தில் பாடிய பாட்டுக்களுக்கும் தனித்தனிக் கூடங்கள். கிராமபோன் முதல் இக்காலம் வரையில் ஒலிப்பதிவு வளர்ந்த கதையைச் சொல்லும் கூடம் வேறு. கிராமபோனைக் கண்டவுடன் நமக்கு நினைவு வந்தவர் கௌஹர் ஜான். 1902-ஆம் வருஷம் கல்கத்தாவில், இந்தியப் பாடகர்களுள் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடியவர்களுள் அவர் தலையாயவர். மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவில் இறுதி நாட்களைக் கழித்து, 1930-இல் அங்கேயே காலமானார். இருந்த இடத்தில் இருந்தபடியே முன்பின் அறியாதவர் குரலைக் கேட்கும் பேற்றை நம் நாட்டு மக்கள் பெற்றது அவர் காலத்திலிருந்துதான்.

இவற்றையெல்லாம் கடந்து, நூறு இசைவாணர்களைப் போற்றும் கூடத்தை அடைந்தோம். ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் உருவத்தின்முன் நின்றபோது, உருது பேசும் வீட்டைச் சேர்ந்த மாணவி ஒருத்தி மெதுவாக அருகில் வந்தாள்.

"ஸார், எங்கள் அத்தா சவூதியில் பத்து வருஷம் வேலை பார்த்தார். அவர் ஓர் அம்மாவின் அரபுப் பாட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு பாட்டு ஒரு மணி நேரம் வரும். அந்த அம்மாவுக்கும் இப்படி வீடு கட்டி வைத்திருக்கிறார்களா?"

"யார் அம்மா அது?" என்றோம்.

"உம் குல்ஸூம்."

அந்தப் பெயரைக் குருபரப்பள்ளிச் சிறுமி ஒருத்தியின் வாயிலிருந்து கேட்போம் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. எந்தக் கடலுக்கப்பால் எந்தக் குரல் போய் எந்த வீட்டில் குடியேறும் என்பதை யாரால் சொல்ல முடியும்?

கிழக்கின் தாரகை

உம் குல்ஸூம் நைல் நதியின் கழிமுகத்திலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். பிறந்த வருஷம் 1898 என்பாரும் 1904 என்பாரும் உளர். தந்தை ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகை நடத்துபவர். சொற்ப வருமானத்துக்குத் துணையாகக் கலியாண வீடுகளிலும் விழாக்களிலும் பக்திப் பாடல்கள் பாடிவந்தார். மகனுக்கு அவர் கற்பித்த பாட்டை, அருகிலிருந்த சிறுமி காதால் கேட்டே பாடம் செய்துவிட்டாள். தந்தை வியந்து அவளையும் குழுவில் சேர்த்துக்கொண்டார். பெண் குழந்தை பொதுச் சபையில் பாடுவதை ஊரார் ஒப்பாத காலம்; ஆகையால் சிறுவனைப்போல் உடை உடுத்தி அழைத்துச் சென்றார்.

1920-களின் தொடக்கத்தில் குடும்பம் கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்தது. பட்டிக்காட்டுப் பெண் பட்டணத்து வித்வான்களிடம் பயின்றார். அஹமது ராமி என்ற கவிஞரிடம் கவிதை கற்றார். அக்கவிஞர் அவருக்கென்றே நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் இயற்றினார். பின்பு ரேடியோ வந்தது. 1930-களிலிருந்து மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு அவருடைய கச்சேரியைக் கெய்ரோ வானொலி ஒலிபரப்பலாயிற்று. இவ்வழக்கம் ஏறக்குறைய நாற்பது வருஷம் நீடித்தது. மொராக்கோவிலிருந்து இராக் வரையில் மக்கள் காப்பிக் கடைகளிலும் வீடுகளிலும் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்தார்கள். வெவ்வேறு அரசுகளின் கீழ் வாழ்ந்தவர்களும், தம்முள் பகை கொண்ட நாட்டினரும் அந்த ஓர் இரவு ஒரே சபையினராயினர்.

அவர் பாடும் முறை நம் நாட்டு ரசிகர்களுக்கு அந்நியமானதன்று. அரபு சங்கீதத்தில் 'மகாம்' என்பது ஏறக்குறைய நம் ராகத்தைப் போன்றது. பாட்டின் ஓர் அடியை எடுத்துக்கொண்டு, சபையோர் வேண்டுந்தோறும் திரும்பத் திரும்பப் பாடுவார். ஒவ்வொரு முறையும் ஒரு புது வளைவு, ஒரு புதிய அழுத்தம். நம் வித்வான்கள் செய்யும் நிரவலை நினைத்துக்கொண்டால் போதும். இவ்வாறு ஒரு பாட்டே ஒரு மணி நேரத்துக்குமேல் நீளும். சொல்லும் ஸ்வரமும் ஒன்றித் தன்னை மறக்கும் நிலையை அவர்கள் 'தரப்' என்பார்கள். நாம் 'சொக்கிப் போனேன்' என்கிறோம். கையிலே ஒரு கைக்குட்டையைப் பற்றிக்கொண்டு அவர் மேடையில் நிற்கும் கோலம் அரபு நாடெங்கும் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

1967-ஆம் வருஷப் போரில் எகிப்து தோல்வியுற்றபோது, வயது முதிர்ந்த அவர் வீட்டில் அமர்ந்திருக்கவில்லை. எகிப்தின் மாகாணங்களிலும், அரபு நாடுகளிலும், பாரிஸ் நகரத்திலும் பாடி, கிடைத்த பொருளை நாட்டுக்கு அளித்தார். 1975 பிப்ரவரி 3-ஆம் தேதி அவர் காலமானபோது கெய்ரோ வீதிகளில் லக்ஷக்கணக்கான ஜனங்கள் திரண்டு, சவப்பேழையைச் சுமந்தவர்களின் தோளிலிருந்து வாங்கித் தாங்களே சுமந்து சென்றார்கள்.

அவர் வாழ்ந்த மாளிகை இப்பொழுது இல்லை. அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஹோட்டலைக் கட்டிவிட்டார்கள். பின்னர் 2001-ஆம் வருஷம், ரோடா தீவில் மனஸ்தர்லி அரண்மனை வளாகத்தில் அவருக்கென ஒரு பொருட்காட்சிசாலை ஏற்பட்டது. நைல் வெள்ளத்தை அளப்பதற்காக ஒன்பதாம் நூற்றாண்டில் அமைத்த புகழ்பெற்ற அளவைத் தூண் அதன் அருகிலேயே இருக்கிறது. உள்ளே அவர் உடுத்திய அங்கிகள், அணிந்த கறுப்புக் கண்ணாடி, கைக்குட்டை, பதக்கங்கள், புகைப்படங்கள் எல்லாம் உள்ளன. வெள்ளத்தை அளக்க ஒரு தூண் போதும். பக்கத்திலுள்ள கட்டடத்திலே வைத்திருக்கும் பொருள்களைக்கொண்டு அக்குரலின் பெருக்கை அளந்துவிட முடியுமா?

மதுரையில் எழுந்த குரல்

எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் வரலாறு நேயர்கள் அறிந்ததே. 1916 செப்டம்பர் 16-ஆம் தேதி மதுரையில் பிறந்தார். தாயார் சண்முகவடிவு வீணை வாசிப்பவர். பாட்டி அக்கம்மாள் பிடில் வாசித்தவர். இவரும் வீட்டிலே காதால் கேட்டு வளர்ந்தவர்தாம். பத்து வயதில் முதல் இசைத்தட்டு. பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுபோயிற்று.

சினிமாவில் இவர் நடித்த படங்கள் மிகச் சில. 1941-இல் வெளியான 'சாவித்திரி'யில் நாரதராக நடித்துப் பெற்ற பணம் 'கல்கி' வாரப் பத்திரிகையைத் தொடங்க உதவிற்று. தமிழ் 'மீரா' 1945-இலும், இந்தி 'மீரா' 1947-இலும் வெளியாயின. அத்துடன் இவர் நடிப்பை விட்டுவிட்டார். எகிப்திலே உம் குல்ஸூம் நடித்த கடைசிப் படமும் 1947-இல்தான் வெளியாயிற்று. ஒருவரையொருவர் பார்த்துச் செய்ததன்று. இருவரும் தங்கள் முகத்தைவிடக் குரலே நெடுங்காலம் நிற்கும் என்பதை உணர்ந்திருந்தார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதே 1947-இல் காந்தியடிகள் மீராவின் பஜனைப் பாடல் ஒன்றை இவர் குரலில் கேட்க விரும்பினார். சென்னை வானொலி நிலையத்தில் பதிவு செய்து டில்லிக்கு அனுப்பினார்கள். சில மாதங்களுக்குள், 1948 ஜனவரி 30-ஆம் தேதி மகாத்மா மறைந்தபோது, துயரத்தில் மூழ்கிய தேசத்துக்கு வானொலி அந்தப் பாடலையே ஒலிபரப்பியது. ஒரு மனிதருக்காகப் பாடியது ஒரு நாட்டின் அழுகையாக மாறிற்று.

எங்கள் பக்கத்துக்கு இக்கதையில் ஒரு பங்கு உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பிரார்த்தனைப் பாட்டை, 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் சுப்புலக்ஷ்மி பாடினார். 'குறை ஒன்றும் இல்லை' என்ற ராஜாஜியின் தமிழ்ப் பாட்டையோ இன்று தமிழ்நாட்டில் அறியாத வீடு இல்லை. பெங்களூர்க் கூடத்தில் இதைச் சொன்னபோது, "நம் தொரப்பள்ளியா, ஸார்?" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டார்கள். அதுவரையில் யாரோ ஒருவராக இருந்த அம்மையார் அந்தக் கணத்தில் உறவினராகிவிட்டார்.

1998-இல் பாரத ரத்னம் பெற்ற முதல் சங்கீதக் கலைஞர் இவர். 2004 டிசம்பர் 11-ஆம் தேதி மறைந்தார். 2016-இல் நூற்றாண்டை ஒட்டி ஐக்கிய நாடுகள் சபை தபால் தலை வெளியிட்டது. 2017-இல் டில்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் இவர் வாழ்க்கையைப் பற்றி ஒரு கண்காட்சியும் நடத்தியது.

உச்சரிப்பு என்னும் தவம்

இருவருக்கும் உள்ள ஒற்றுமைகளுள் ஆசிரியத் தொழில் செய்யும் நம்மை மிகவும் கவர்ந்தது ஒன்று உண்டு. உம் குல்ஸூம் சிறு பிராயத்தில் ஊர்த் திண்ணைப் பள்ளியில் குர்ஆன் ஓதக் கற்றவர். எழுத்து ஒவ்வொன்றும் எந்த இடத்தில் பிறக்க வேண்டும், எங்கே மூச்சை நிறுத்த வேண்டும் என்பது அந்தப் பயிற்சியின் அடிப்படை. அவர் பாடினால் படிப்பறியாதவர்க்கும் ஒரு சொல்லாவது தவறாமல் விளங்கும் என்பது அவருடைய புகழ்களுள் ஒன்று.

சுப்புலக்ஷ்மியோ தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியும் இந்தியும் வங்காளமும் பாடினார். அந்தந்த மொழி அறிந்தவர்களிடம் பொருளும் ஒலியும் கேட்டுத் தெரிந்துகொண்டு, பாடம் ஆகும்வரை ஓயமாட்டார் என்பது அவரை அறிந்தோர் அனைவரும் சொல்வது. பள்ளியில் நெடுநாள் படிக்காத ஒருவர் இத்தனை மொழிகளுக்கும் இழைத்த மரியாதையைப் பட்டம் பெற்ற நாம் ஒரு மொழிக்கேனும் இழைக்கிறோமா? நான்கு மொழிகள் உலவும் எல்லைப்புறத்தில், அடுத்த வீட்டாரின் மொழியைச் சரியாக ஒலிப்பதே நல்ல அயலாராக இருப்பதன் முதற்படி. பிறர் மொழியைக் கேலிக்காக அன்றி அன்போடு உச்சரிக்கக் கற்ற பிள்ளை பிறரைப் பகைப்பது கடினம்.

அரபுப் பாடகியைப் பற்றி நமக்கு என்ன என்று சிலர் கேட்கக்கூடும். கடல் கடந்து போய் உழைத்த நம்மவர் அக்குரலை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் நம் சுப்புலக்ஷ்மியைக் கண்டதும் தன் வீட்டுப் பாட்டியைக் கண்டதுபோல் அடையாளம் கண்டுகொண்டாள். தேசாபிமானம் என்பது காதை அடைத்துக்கொள்வதன்று. தன் குரலை நன்றாக அறிந்தவனுக்கே பிறர் குரலின் அருமை தெரியும். பிறர் குரலைக் கேட்டவனுக்குத் தன் குரல் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

கூடிக் கேட்டல்

இனி அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். போனில் கேட்கலாமே?

கேட்கலாம், ஆயினும் கேட்பதில்லை. இதுவே நம் காலத்தின் விந்தை. ஒரு காலத்தில் கச்சேரி கேட்க மைல்கணக்கில் நடந்தார்கள். பிறகு ஊருக்கு ஒரு ரேடியோ இருந்தபோது பஞ்சாயத்துத் திடலில் கூடினார்கள். இப்போது உலகத்துச் சங்கீதம் முழுவதும் சட்டைப் பையில் இருக்கிறது. அமர்ந்து கேட்கும் பொறுமைதான் இல்லை. காதிலே கருவியைச் செருகிக்கொண்டு ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு தீவாகிவிட்டோம்.

பெங்களூர் மாளிகையில் நூறு பேருடைய பாட்டைக் கேட்க வேண்டியிருப்பதால், தனித்தனியே காதில் மாட்டிக்கொண்டு கேட்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அப்படிக் கேட்ட பிள்ளைகள் முதல் நிமிஷத்தில் அங்குமிங்கும் பார்த்தார்கள். இரண்டாம் நிமிஷத்தில் ஒருவன் கருவியைக் கழற்றப் போனான். அருகிலிருந்தவள் அசையாமல் நிற்பதைக் கண்டு அவனும் நின்றான். பாட்டு முடிந்தபோது அவன் சொன்னது: "ஸார், அவர் அவசரப்படவே இல்லை!" சங்கீத விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அச்சிறுவன் மூன்று சொற்களில் எழுதிவிட்டான். இதற்கு முன்னும் அக்குரல் அவன் கைப்பேசிக்குள் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நின்று கேட்கத்தக்க ஓர் இடமும், பக்கத்தில் நின்று கேட்க ஒரு தோழமையும் வாய்த்த பிறகே அவனுக்கு அது கேட்டது. தகப்பனாருக்கு நாம் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

பொருட்காட்சிசாலை குரலைக் காப்பாற்றுவதில்லை, அதனால் ஆகாது. கேட்பவர்களை உண்டாக்கினால் அதுவே அதன் வெற்றி. உம் குல்ஸூமின் வீடு இடிந்தும் அவர் குரல் இடியவில்லை. நாற்பது வருஷம் வியாழக்கிழமை தவறாமல் கூடிக் கேட்ட மக்கள் அதைத் தங்கள் காதிலே கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஊர்தோறும் மாளிகை எழுப்ப வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள், அரை மணி நேரம், வீட்டார் அனைவரும் கைப்பேசிகளை ஒரு தட்டில் வைத்துவிட்டு, ஒரே பாட்டை முழுமையாகக் கேட்கலாம். பள்ளிகளிலும் இதைச் செய்யலாம். மற்றொரு காரியமும் உண்டு. எங்கள் பக்கத்தில் நாற்று நடும்போது பாடிய கிழவிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்தவர்கள். வயல்கள் தொழிற்சாலைகளாகும்போது பாட்டுக்கு வேலையில்லாமற் போகிறது. அவர்களுக்குப் பின்னால் அப்பாட்டுக்களுக்கு ஒரு தட்டும் இல்லை, ஒரு கூடமும் இல்லை. பிள்ளைகள் கையிலுள்ள அதே கைப்பேசி ஒலிப்பதிவும் செய்யும் அல்லவா? பாட்டியின் அருகில் அமர்ந்து, பெயரும் ஊரும் தேதியும் சொல்லி, பாட்டை முழுமையாகப் பதிந்து வைக்கட்டும். வகுப்பில் அதை எல்லாரும் கூடிக் கேட்கட்டும்.

புகழ்பெற்ற குரல்களுக்கு உலகம் மாளிகை எழுப்பும். புகழ் பெறாத குரல்களுக்கு நாம்தான் செவி கொடுக்க வேண்டும். அதற்குக் காலம் அதிகமில்லை, கிழவிகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.